இயந்திர இருதய பம்ப்: யாருக்கு, எப்போது, வீட்டில் எப்படி?

2007 அக்டோபர் தொடக்கத்தில் மலேசியா முழுவதும் ஒரு சிறுமியைப் பற்றியே பேச்சு. ஜொகூர், பத்து பகாட்டைச் சேர்ந்த 14 வயது மாணவி அவர். முந்தைய ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில் (ஐ.ஜே.என்.) அவருக்கு இயந்திர இருதய பம்ப் பொருத்தப்பட்டது. ஏறக்குறைய ஓராண்டு மாற்று இருதயத்துக்காகக் காத்திருந்தார். முதலில் கிடைத்த இருதயம் நம் பேராக்கிலிருந்து சென்றது. சாலை விபத்தில் மாண்ட 15 வயதுச் சிறுவனுடையது. சிறுமியின் உடலில் அது நிலைக்கவில்லை. அடுத்த ஓரிரு நாளில் ஜொகூரிலிருந்து இன்னொரு இருதயம் வந்தது, அது நிலைத்தது. அந்த வாரம் உறுப்பு தானத்துக்குப் பதிய முன்வந்தவர்களின் எண்ணிக்கை திடீரெனக் கூடியது.

இரண்டு இருதயங்களைப் பற்றியும் நாடே பேசியது. ஓராண்டு அவரை உயிரோடு வைத்திருந்த பம்பைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

மலேசியாவின் முதல் இருதய மாற்று அறுவை சிகிச்சை 1997 டிசம்பரில் ஐ.ஜே.என்.னில் நடந்தது. ஆனால் தானமாகக் கிடைக்கும் இருதயங்கள் மிகக் குறைவு. அதனால் மருந்துக்கு அடங்காத இருதயச் செயலிழப்புள்ளவர்களில் சிலருக்குப் பம்ப் ஒரு பாலமாகிறது. மாற்று இருதயம் பெறும் தகுதி இல்லாதவர்களுக்கு அதுவே கடைசி வரைக்குமான சிகிச்சையாகவும் அமையலாம்.

பம்ப் என்றதும் பழைய இருதயத்தை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. சொந்த இருதயம் அதே இடத்தில்தான் இருக்கும். உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுவது அதன் இடது கீழறை. அந்த அறையின் நுனியில் பம்ப் பொருத்தப்படுகிறது. அறையில் தேங்கும் இரத்தத்தை இழுத்து, ஒரு குழாய் வழியாகப் பெருந்தமனிக்குள் விடுகிறது. இப்போது பரவலாகப் பயன்படும் 'ஹார்ட்மேட் 3' சுமார் 200 கிராம் எடையுள்ளது. அதனுள் இருக்கும் சிறு சக்கரம் எதையும் தொடாமல் காந்த விசையில் மிதந்தபடி, பொதுவாக நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 தடவை சுழலும். உராய்வு இல்லாததால் பம்புக்குள் இரத்தம் உறைவது பழைய வகைகளைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. போட்டியாக இருந்த 'எச்வேட்' பம்ப், பக்கவாத ஆபத்து அதிகம் எனத் தெரிந்தபின் 2021 ஜூனில் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது.

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், பம்ப் பொருத்தியவர்களில் 52 விழுக்காட்டினர் ஓராண்டைக் கடந்தனர். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 25 விழுக்காட்டினர். அது பழைய, பெரிய பம்ப். ஹார்ட்மேட் 3 பொருத்தியவர்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் ஏறக்குறைய 58 விழுக்காடு. மருந்து கைவிட்டவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஐந்து பேரில் இருவர் அதுவரை இருப்பதில்லை என்பதையும் குடும்பத்தார் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

பம்ப் ஓட மின்சாரம் வேண்டும். வயிற்றுத் தோல் வழியாக ஒரு கம்பி வெளியே வந்து, இடுப்பில் மாட்டும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேரும். பகலில் தோள்பையில் இரண்டு பேட்டரிகள். இரவில் சுவர் பிளக். ஒரு ஜோடி பேட்டரி பாதி நாளுக்கு மேல் தாங்கும். கரண்ட் போனால் உடனே உயிர் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பழைய லயத்து வீடானாலும் தாமான் வீடானாலும், வயரிங் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். பேட்டரிகளைத் தீரவிடாமல் சார்ஜ் செய்து வைப்பது வீட்டில் ஒருவரின் அன்றாட வேலையாகிவிடும்.

கம்பி வெளிவரும் இடம்தான் பலவீனமான இடம். கிருமி அங்கேதான் நுழையும். சொல்லிக்கொடுத்த முறைப்படி கைகழுவி, கட்டு மாற்ற வேண்டும். தக்க உறை போட்டுக் குளிக்க மருத்துவர் அனுமதிக்கலாம். ஆற்றிலோ குளத்திலோ முங்கவே கூடாது. தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிடலாம். அலகு குத்துவது ஆகாது, ஏனெனில் இவர்கள் ஆயுள் முழுக்க 'வார்ஃபரின்' என்னும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள். முருங்கைக்கீரை போன்ற கீரைகளைத் திடீரெனக் கூட்டினாலும் குறைத்தாலும் மாத்திரையின் வேகம் மாறும். நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது.

இன்னொன்று, அக்கம்பக்கத்தாருக்கும் தெரிய வேண்டியது. இரத்தம் இடைவிடாமல் ஓடுவதால் இவர்களின் மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் போகலாம். சாதாரண இரத்த அழுத்தக் கருவியும் தடுமாறும். மயங்கிக் கிடப்பவருக்கு நாடி இல்லை என்பதால் இறந்துவிட்டார் என முடிவுகட்டக் கூடாது. மூச்சு இருக்கிறதா, கம்பியும் பேட்டரியும் இணைந்திருக்கின்றனவா, பெட்டி அலறுகிறதா என்று பார்த்து, 999-ஐயும் மருத்துவமனை கொடுத்த அவசர எண்ணையும் அழைக்க வேண்டும்.

இனி, யாருக்கு என்ற கேள்வி. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. நீரிழிவு இருதயத்தை மட்டும் விடுவதில்லை, சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிறுநீரகம் முற்றாகப் பழுதாகி டயாலிசிஸுக்குப் போனவருக்குப் பொதுவாகப் பம்ப் பொருத்துவதில்லை. இருதயத்தின் வலது பக்கம் மிகவும் தளர்ந்துவிட்டாலும் அப்படியே. இடது பக்கப் பம்புக்கு இரத்தத்தை அனுப்புவது அந்த வலது பக்கம்தான். நம்மவர்கள் பலருக்கு வாய்ப்பு நழுவுவது இங்கேதான். காலில் நீர் இறங்கினால் 'தண்ணி மாத்திரை' வாங்கிப் போட்டுக்கொண்டு, தாங்க முடியாதபோது வார்டில் நாலு நாள் படுத்துவிட்டு வீடு திரும்புவார்கள். இப்படியே ஓரிரு வருடம் ஓடிவிடும்.

ஒரே ஆண்டில் இரண்டு முறைக்கு மேல் மூச்சுத் திணறலோடு வார்டில் சேர்ந்தாலோ, சட்டை மாட்டுவதற்கே மூச்சு வாங்கினாலோ, இரத்த அழுத்தம் இறங்கி டாக்டர் மருந்தின் அளவைக் குறைக்கத் தொடங்கினாலோ, தண்ணி மாத்திரை கூடிக்கொண்டே போயும் வீக்கம் வடியாவிட்டாலோ, ஐ.ஜே.என்.னுக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா என்று ஈப்போ பெரிய மருத்துவமனையில் குடும்பத்தாரே கேட்கலாம். பம்ப் தேவையில்லை என்று அங்கே சொன்னாலும் நல்லதுதான். மருந்தைச் சீரமைத்தே சிலர் தேறிவிடுகிறார்கள்.

செலவு சில இலட்சம் ரிங்கிட் வரும். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த குடும்பம் தானே புரட்டக்கூடிய தொகை அல்ல. அதனால் முதல் சந்திப்பிலேயே மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பார்ப்பது நல்லது. 60 வயதுக்குட்பட்டு வேலை செய்தவராக இருந்தால், சொக்சோ இயலாமை ஓய்வூதியத்துக்குச் சந்தா போதுமான அளவு கட்டப்பட்டிருக்கிறதா என்றும் விசாரிக்கலாம். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் கடிதங்கள், எக்கோ அறிக்கை, மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் கட்டு மாற்றிப் பேட்டரியைக் கவனிக்கப்போகும் மகளோ மருமகனோ மனைவியோ, அவரும் கூடவே போக வேண்டும். பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று டாக்டர்கள் கட்டாயம் கேட்பார்கள்.