ஆற்றின் அடியிற் படிந்த வரலாறு

மலைநாட்டில் மழை பெய்யுங்காலத்துக் கொத்மலை ஓயா செந்நிறங் கொண்டு பாய்வதைக் காண்போர், அதனைப் புதுவெள்ளத்தின் பொலிவு என்று எண்ணுதல் கூடும். உண்மையில் அது மலையின் மேல்மண் கரைந்து செல்லும் காட்சியாகும். அம்மண் ஆற்றை அடைந்த வகையினையும், உடன் சுமந்து வந்தவற்றையும் அறிவதற்கு, ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோப்பித் தோட்டங்களுக்காக மலைச்சரிவுக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியது. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று, புல் பூண்டின்றி நிலத்தைச் சுரண்டிவைக்கும் வழக்கம் மாறவில்லை. 1873-இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹுக்கர் விடுத்த எச்சரிக்கையின் பின், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்க அரசு முன்வந்தது. கீழ்ச்சரிவுகளோ மழைக்குத் திறந்தே கிடந்தன.

1946-இல் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியபோது, செம்பு கலந்த மருந்துகள் தெளிக்கப்படலாயின. தேயிலைக்கும் நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களுக்கும் உரம் மிகுதியாக இடப்பட்டது. செம்பும் பொசுபரசும் நுண்ணிய களிமண்ணைப் பற்றிக்கொண்டு அதனுடனே செல்லும் இயல்பின. 1985-இல் கொத்மலை அணையும், 2012-இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையும் எழுந்தபின், இவ்வண்டல் தேங்குதற்கு இடம் வாய்த்தது.

தேங்கிய நீரின் அடியில் உயிர்வளி குன்றும்போது, வண்டலிற் கட்டுண்ட பொசுபரசு மீண்டும் நீரிற் கலக்கிறது. அதனால் நீலப்பச்சைப் பாசி பெருகுகிறது. 1991-இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் இத்தகைய பாசி படர்ந்தது. இவ்வினத்துட் சில ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குவன. நீரைக் கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு நீங்குவதன்று. எனவே, அந்நீரைக் குடிக்கும் குடும்பங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையாகும். செம்பு மிகுமாயின், ஆற்றடியில் வாழும் சிற்றுயிர்கள் மடியும். அவற்றை உண்ணும் மீன்களும் இரையிழக்கும்.

1951-இலேயே மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுதல், மீள்நடுகைக்கு முன் மானாப் புல்லும் குவாட்டமாலாப் புல்லும் வளர்த்தல் ஆகிய முறைகளும் தோட்டங்கள் அறிந்தவையே. கானிலே தங்கிய மண்ணைத் தொழிலாளி மண்வெட்டியால் அள்ளி மீண்டும் செடியடியில் இட்டுவிடலாம். நீர்த்தேக்கத்தின் அடியிற் படிந்த மண்ணை அகற்றுதலோ அரிது; அதனைக் கலக்கின், அடங்கிக் கிடந்தவையும் உடன் எழும். ஆதலின் ஆற்றைக் காக்கும் பணி, ஆற்றங்கரையில் அன்று, மலைச்சரிவிலேயே தொடங்குதல் வேண்டும்.