இளையோர் ஒலிம்பிக் போட்டிகள்

15 முதல் 18 வயது வரையிலான வீரர், வீராங்கனைகளுக்காகப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு நடத்தும் பல்விளையாட்டுப் போட்டி. கோடைக்காலப் போட்டி, குளிர்காலப் போட்டி என இரண்டாகப் பிரித்து நடத்தப்படுகிறது. சிங்கப்பூர்த் தமிழர் இதை ‘இளையர் ஒலிம்பிக்’ என்பர். முதல் போட்டி அவர்கள் ஊரில்தான் நடந்தது.

இளையோருக்குத் தனி ஒலிம்பிக் வேண்டும் என்ற யோசனையை 1998இல் முன்வைத்தவர் யோகான் ரோசன்சாஃப் என்ற ஆஸ்திரியத் தொழில்துறை மேலாளர். அதைச் செயலாக்கியவர் பின்னாளில் ஒலிம்பிக் குழுத் தலைவரான ஜாக் ரோக். பெல்ஜியத்தைச் சேர்ந்த இந்த எலும்பு மருத்துவர், மூன்று ஒலிம்பிக்குகளில் பாய்மரப் படகு ஓட்டியவர். 1991இல் பிரஸ்ஸல்சில் ஐரோப்பிய இளையோருக்கான ஒலிம்பிக் விழாவைத் தொடங்கிவைத்த அனுபவமும் அவருக்கு இருந்தது. பிள்ளைகள் மைதானத்தை மறந்து உடல் பருத்துவருவது அவருடைய பெருங்கவலை. 2007 ஜூலையில் குவாத்தமாலா நகரில் கூடிய ஒலிம்பிக் குழு அவரது திட்டத்தை ஏற்றது. அடுத்த பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் 53–44 என மாஸ்கோவை முந்தி, சிங்கப்பூர் முதல் போட்டியை நடத்தும் வாய்ப்பைப் பெற்றது.

2010 ஆகஸ்டு 14 அன்று மரினா பே மிதக்கும் மேடையில் போட்டியைத் தொடங்கிவைத்தவர் அந்நாட்டு அதிபர் எஸ். ஆர். நாதன். 26 விளையாட்டுகளில் சுமார் 3,600 பேர் பங்கேற்றனர். முதல் தங்கம் மகளிர் டிரையத்லானில் ஜப்பானின் யூகா சாட்டோவுக்குக் கிடைத்தது. சிறுவர் கால்பந்தில் அதே ஆண்டு நிலநடுக்கத்தால் சிதைந்த ஹைட்டி இறுதி ஆட்டம் வரை வந்து, பொலிவியாவிடம் தோற்று வெள்ளி வென்றது. செலவுதான் உறுத்தியது. 10.4 கோடி சிங்கப்பூர் வெள்ளியாகப் போட்ட கணக்கு 38.7 கோடியில் போய் நின்றது. புதிய அரங்குகள் கட்டாமல் சிக்கனமாக நடத்தலாம் என்று சொல்லி அறிமுகமான போட்டிக்கு இது நல்ல தொடக்கமல்ல.

இந்தப் போட்டியைப் பெரிய ஒலிம்பிக்கின் குட்டிப் பதிப்பு என்று கொள்வது பிழை. பெரியவர்களின் போட்டியில் துணிந்து செய்ய முடியாததை முதலில் செய்து பார்க்கும் பட்டறை என்பதே பொருந்தும். மூவருக்கு மூவர் கூடைப்பந்து சிங்கப்பூரில் அறிமுகமாகி, டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பயிற்சியாளர் உறுதிமொழியும் சிங்கப்பூரில் பிறந்ததே. இரண்டே ஆண்டில் லண்டன் ஒலிம்பிக் அதை எடுத்துக்கொண்டது. 2012இல் இன்ஸ்புரூக்கில் நடந்த முதல் குளிர்காலப் போட்டியில் மகளிர் பனித்தாவல் சேர்க்கப்பட்டது. ஜப்பானின் சாரா தகனாஷி வென்ற அந்தப் போட்டி 2014இல் சோச்சி ஒலிம்பிக்குக்கும் போனது. 2018இல் புவெனஸ் அயர்சில் அறிமுகமான பிரேக் நடனம் 2024இல் பாரிசில் மேடையேறியது.

ஆனால் ஒரு புதுமை பெரிய ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளை ஒரே அணியில் சேர்க்கும் கலப்பு அணி முறை அது. அத்தகைய அணி வென்றால் ஒலிம்பிக் கொடிதான் ஏறும், எந்த நாட்டுக் கீதமும் ஒலிக்காது. சிங்கப்பூரின் குதிரையேற்றத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த குதிரைகளைக் குலுக்கல் முறையில் கொடுத்து, கண்ட அணிகளாகத் தாவவிட்டனர். பழக்கமில்லாத குதிரை, மொழி தெரியாத கூட்டாளி! இந்தப் போட்டியின் நோக்கம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் வெளிப்பட்டதில்லை. பதக்கப் பட்டியலை ஒலிம்பிக் குழு முன்னிறுத்துவதில்லை. ஊடகங்கள் கூட்டிக் கழித்துப் போட்டுவிடுகின்றன. இக்கட்டுரையும் அதற்கு விலக்கல்ல.

முதல் போட்டியில் இந்தியாவுக்கு 8 பதக்கங்கள், தங்கம் இல்லை. 2014இல் நான்ஜிங்கில் நடந்த அடுத்த கோடைப் போட்டியில் இரண்டே. புவெனஸ் அயர்சில் நிலை மாறியது. மிசோரமின் ஜெரமி லால்ரினுங்கா 15 வயதில் பளுதூக்கி முதல் தங்கத்தைப் பெற்றார். துப்பாக்கி சுடுதலில் மனு பாக்கர், சவுரப் சவுத்ரி இருவரும் தங்கம் வெல்ல, மொத்தம் 13 பதக்கங்கள். தடகளத்தில் இறுதிச்சுற்றே வைக்காமல் இரண்டு நாள் முயற்சிகளைக் கூட்டும் புது முறையில், மும்முறைத் தாண்டலில் தமிழகத்தின் பிரவீன் சித்திரவேல் வெண்கலம் பெற்றார். 2023இல் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தவர் இவரே. மனு பாக்கர் 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலம் வென்றார்.

புவெனஸ் அயர்சுக்கு வேறு பெருமைகளும் உண்டு. வீரர்களும் வீராங்கனைகளும் சம எண்ணிக்கையில் கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் நிகழ்வு அது. தொடக்க விழா அரங்குக்குள் அடைபடாமல், ஒபெலிஸ்கோ தூணைச் சுற்றிய தெருவில், கட்டணமின்றி நடந்தது.

குளிர்காலப் போட்டிகள் பின்னர் லில்லெஹாமர் (2016), லொசான் (2020), தென்கொரியாவின் காங்வோன் (2024) ஆகிய இடங்களில் நடந்தன.

2022ஆம் ஆண்டுக்கான கோடைப் போட்டி செனகலின் டக்காருக்கு வழங்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக் கொரோனாவால் தள்ளிப்போனதில் நாட்காட்டியே நெரிசலாகி, டக்கார் போட்டி 2026 அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை என மாற்றப்பட்டது. ஆப்பிரிக்க மண்ணில் முதல் ஒலிம்பிக் நிகழ்வாக டக்கார், ஜம்னியாஜோ, சாலி ஆகிய மூன்று இடங்களில் நடத்தத் திட்டம். 2010இல் ஒலிம்பியாவில் ஏற்றிய முதல் இளையோர் சுடர், சிங்கப்பூர் வரும் வழியில் கண்டத்துக்கு ஒரு நகரமாக ஐந்து நகரங்களில் நின்றது. அவற்றில் ஒன்று டக்கார்.