அந்தக் ‘கத்துற பாட்டு’க்காரர்களின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை ஓ.எல். வகுப்பு மாணவர் ஒருவரின் கொப்பி மட்டையில் ‘லின்கின் பார்க்’ என்று பேனாவால் எழுதியிருந்ததைக் கண்டோம். எங்கள் காலத்துப் பெயர்! 2003, 2004களில் கொமினிகேசன் கடையில் சீடி அடித்து வாங்கி, வாப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டவர்கள் நாங்கள். “என்னடா இது, கத்துற பாட்டு” என்று ஏசாத உம்மா இல்லை. இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் இந்தப் பதிவு போகாது, அது உலமாக்களின் வேலை. நாங்கள் சொல்ல வந்தது ஒரு இசைக்குழுவின் வரலாறு. அதற்குள் பெற்றோரும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது.

ராப் நியூயோர்க்கின் கறுப்பின இளைஞர்களிடமிருந்து வந்தது. றொக் அப்போது பெரும்பாலும் வெள்ளையர்களின் சந்தை. 1986இல் ‘ரன் டி.எம்.சி.’ என்ற ராப் குழுவும் ‘ஏரோஸ்மித்’ என்ற றொக் குழுவும் சேர்ந்து ஒரு பாட்டு வெளியிட்டார்கள், அது பெரும் வெற்றி. 1992இல் ‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்’ அதே கலவையை அரசியல் கோபமாக மாற்றியது. லின்கின் பார்க் இந்த வரிசையில் பிந்தி வந்தவர்கள்தான்.

1996இல் கலிபோர்னியாவில் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே பள்ளித் தோழர்கள் சிலர் ‘ஸீரோ’ என்ற பெயரில் தொடங்கிய குழு இது. ராப் பாடியவர் மைக் ஷினோடா. அவருடைய தந்தை ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் சொந்த நாட்டு ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது, ஷினோடாவின் குடும்பமும் அதில் அடக்கம். இதை 2005இல் அவர் தனியாக ஒரு பாட்டாகவே செய்தார். (முகாம் என்றால் என்னவென்று எங்கள் நாட்டில் எந்தச் சமூகத்துக்கும் விளக்கத் தேவையில்லை.) டி.ஜே. ஜோ ஹான் கொரிய வம்சாவளி.

முதல் பாடகர் விலகிப்போனார். 1999இல் அரிசோனாவிலிருந்த செஸ்டர் பெனிங்டனுக்கு ஒரு ஒலிநாடா போனது. அன்று அவருக்கு 23ஆவது பிறந்தநாள். விருந்தை விட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பாடி அனுப்பினார். சின்ன வயதில் பெற்றோர் பிரிந்து, துஷ்பிரயோகத்துக்கும் ஆளாகி, பிறகு போதையிலும் விழுந்து எழுந்த மனிதர் அவர். இதையெல்லாம் பேட்டிகளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

பல கம்பனிகள் கைவிரித்த பிறகுதான் ஒப்பந்தம் கிடைத்தது. அதன் பிறகும் கம்பனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஷினோடாவின் ராப்பை ஒதுக்கி, செஸ்டரை முன்னால் நிறுத்தினால் விற்கும் என்பது அவர்கள் கணக்கு. செஸ்டர் புதிதாக வந்தவர், அவருக்கு அதில் இலாபம்தான். ஆனாலும் மறுத்துவிட்டார். இந்தக் குழுவின் முழு வரலாற்றிலும் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒருவர் அமைதியாகக் கணக்குச் சொல்வது போலப் பேசுவார், மற்றவர் அதே வேதனையை அலறுவார். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் சத்தம்தான்.

2000 ஒக்டோபரில் ‘ஹைபிரிட் தியரி’ வெளிவந்தது. 2001இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற அல்பம் அதுதான், அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 48 இலட்சம். 2002இல் ஒரு கிராமி விருதும் வந்தது. ‘இன் த எண்ட்’ பாட்டை அல்பத்தில் சேர்க்கவே செஸ்டருக்கு விருப்பம் இருக்கவில்லையாம்! இன்னொன்று: இந்த அல்பத்திலும் 2003இல் வந்த ‘மெட்டியோரா’விலும் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. எங்கள் உம்மாமாருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

2004இல் ராப் பாடகர் ஜே-ஸியுடன் சேர்ந்து ‘கொலிஷன் கோர்ஸ்’. அடுத்த மாதமே டிசம்பர் 26 வந்தது.

அந்தக் காலையை மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ கல்முனையிலோ யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. நாங்கள் ஜனாஸாக்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், நாங்கள் சீடி அடித்துக் கேட்ட இதே குழு சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ‘மியூசிக் ஃபோர் ரிலீஃப்’ என்ற நிவாரண அமைப்பைத் தொடங்கியது. 2005 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நிதிக்காகக் கச்சேரி நடத்தினார்கள். சுனாமியோடு அது நிற்கவில்லை. அமெரிக்காவின் கத்ரீனா சூறாவளி, ஹெய்ட்டி பூகம்பம், 2011 ஜப்பான் சுனாமி என்று தொடர்ந்து இயங்கியது. எங்கள் ஊர்களில் இது அநேகருக்குத் தெரியாது. எங்களுக்கும் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது.

2007இல் புதிய பாதை. தயாரிப்பாளர் ரிக் ரூபின், 1986இல் அந்த முதல் கலவைப் பாட்டுக்குப் பின்னால் இருந்த அதே மனிதர். ராப் குறைந்தது. 2010இல் அணுவாயுதப் போரின் பயத்தை வைத்து ஒரு அல்பம் செய்தார்கள், பழைய ரசிகர்களில் பாதிப்பேர் கோபித்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த அல்பங்களில் அவ்வளவு சொல்ல ஒன்றும் இல்லை. 2017 மே மாதம் மென்மையான பாட்டுக்களோடு ஏழாவது அல்பம் வந்தபோது ‘விலை போய்விட்டார்கள்’ என்று இணையத்தில் ஏசினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 20, செஸ்டர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 41. ஆறு பிள்ளைகளின் தந்தை.

எதனால் என்று ஒற்றைக் காரணம் தேடுவது பிழை. ஆனால் 17 வருடமாக அந்த மனிதர் தன் வலியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் மெட்டைக் கேட்டோம், பெரியவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள். எங்கள் சமூகத்தில் தற்கொலை ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே, மனம் உடைந்த பிள்ளை அதை வாய் திறந்து சொல்லப் பயப்படுகிறது. சொன்னால் “ஈமான் இல்லையா?” என்று கேட்கிறோம். தொழச் சொல்வது சரி, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்கவும் வேண்டாமா?

செஸ்டரின் மனைவி பிறகு தொடங்கிய விழிப்புணர்வு இயக்கம் ஐந்து அறிகுறிகளைச் சொல்கிறது. குணம் திடீரென மாறுவது, காரணமில்லாத எரிச்சல், எல்லோரிடமிருந்தும் ஒதுங்குவது, குளிப்பு உடுப்பு சாப்பாட்டைக் கவனிக்காமல் விடுவது, ‘இனி ஒன்றுமில்லை’ என்ற பேச்சு. ஆசிரியர்களான நாங்கள் இதில் பாதியை ‘சேட்டை’ என்றும் மீதியை ‘சோம்பல்’ என்றும் எழுதிவிட்டுப் போகிறோம். உதவி தேவைப்படுவோர் எங்கள் நாட்டில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஏழு வருடம் குழு மேடையில் இல்லை. 2024 செப்டம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ரோங் என்ற பாடகியோடு திரும்பி வந்தார்கள். நவம்பரில் வந்த அல்பத்தின் பெயர் ‘ஃப்ரொம் ஸீரோ’. முதல் பெயரை அவர்கள் மறக்கவில்லை. செஸ்டரின் இடத்தில் வேறொருவரா என்று சண்டை இன்னும் ஓயவில்லை. ஷினோடா அதே இடத்தில் நின்று ராப் பாடுகிறார்.

அந்தக் கொப்பி மட்டையில் இருந்தது இந்தப் புதிய லின்கின் பார்க்கா, எங்கள் காலத்து லின்கின் பார்க்கா என்று இன்னும் கேட்கவில்லை. திங்கட்கிழமை கேட்க வேண்டும்.