சீமைக் குக்கரும் தூரவாணி நகரும்

ராஜா அண்ணாமலைபுரத்தில் என் அத்தை வீட்டுப் பரண்மேல் ஒரு பிரஸ்டீஜ் குக்கர் இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த சீர். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அத்தை சொல்வது ஒன்றுதான்: "அது சீமைக் குக்கர்டா. இப்ப வர்றதெல்லாம் தகரம்."

போன மாதம் பெரியப்பா பேத்திக்கு வேலை கிடைத்துத் தனி வீடு பார்த்துப் போனாள். அவளுக்கு ஒரு குக்கர் வாங்கித் தரவேண்டும். எங்கே செய்ததை வாங்குவது என்று வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. அந்தச் சாக்கில் பரணிலிருந்து சீமைக் குக்கரை இறக்கினோம். பெட்டிக்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு சமையல் குறிப்புப் புத்தகமும் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், விலாசம் பெங்களூர்! அத்தைக்கு அன்று முழுக்க முகம் சரியில்லை.

அத்தை சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அந்தக் கதையைத் தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கதையில் பாதி எங்கள் பேட்டையைச் சுற்றியே நடக்கிறது. ஆழ்வார்பேட்டை வழியாகப் போகும் டி.டி.கே. சாலைக்குப் பழைய பெயர் மௌபரீஸ் ரோடு. 18ஆம் நூற்றாண்டில் மெட்ராஸுக்குக் கணக்கு அதிகாரியாக வந்த ஜார்ஜ் மௌபரே, அடையாறு ஆற்றங்கரையில் ஒரு தோட்ட வீடு கட்டினார். அந்த வீட்டுக்குப் போகிற வழி என்பதால் அந்தப் பெயர். வீடு இன்றும் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது, மெட்ராஸ் கிளப்பாக. சாலைக்கு மட்டும் பெயர் மாறி டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயர் வந்துவிட்டது.

நமக்கு டி.டி.கே. என்றால் நேரு காலத்து நிதியமைச்சர், முந்த்ரா விவகாரத்தில் பதவி விலகியவர். ஆனால் அவர் முதலில் வியாபாரி. 1928ல் மெட்ராஸில் அவர் தொடங்கிய டி.டி. கிருஷ்ணமாச்சாரி அண்டு கம்பெனியின் வேலை, வெளிநாட்டுக் கம்பெனிகளின் சரக்கை இங்கே கடைகடையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சோப்பு, பவுடர், ஹார்லிக்ஸ், பேனா என்று தென்னிந்திய நடுத்தர வீட்டு அலமாரியில் இருந்த பல சாமான்கள் அந்த வழியாக வந்தவைதான். சொந்தமாக எதையும் செய்யாத கம்பெனி. 1930களிலேயே டி.டி.கே. அரசியல் பக்கம் போய்விட்டார். வியாபாரம் குடும்பத்தார் கைக்கு வந்தது.

இனிமேல்தான் சுவாரசியம். 1952 முதல் 1956 வரை அவர் மத்திய வணிக, தொழில் துறை அமைச்சர். பிறகு நிதியமைச்சர். 1957ல் நாட்டுக்கு அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. வெளிநாட்டுச் சாமானை வரவழைத்து விற்றுப் பிழைத்த எந்த கம்பெனிக்கும் அது இடிதான். அந்த நேரத்தில் நிதி இலாகா யார் கையில் இருந்தது என்று பாருங்கள். அப்பா போட்ட பூட்டு பிள்ளைகள் கடைக்கும் சேர்த்துத்தான் விழுந்தது! இது என் வாசிப்பு. குடும்பத்தார் இதை எப்படிச் சொல்வார்களோ.

இருந்தது ஒரே வழி. விற்ற சாமானை இங்கேயே செய்வது. குக்கருக்கென்று 1955லேயே மெட்ராஸில் டி.டி. பிரைவேட் லிமிடெட் என்று ஒரு நிறுவனம் பதிவாகியிருந்தது. இங்கிலாந்தின் பிரஸ்டீஜ் குழுமத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டு, 1959ல் பெங்களூர் தூரவாணி நகரில் குக்கர் செய்ய ஆரம்பித்தார்கள். அதே 1959ல் பம்பாயில் எச்.டி. வாசுதேவா, எல்.ஜி. ஹாக்கின்ஸ் என்ற இன்னொரு இங்கிலாந்து கம்பெனியோடு கூட்டு வைத்து ஹாக்கின்ஸ் குக்கரைத் தொடங்கினார். இந்தியாவின் இரண்டு பெரிய குக்கர் பெயர்களும் ஒரே வருஷத்தில், ஒரே மாதிரி இங்கிலீஷ் பெயரோடு, இந்திய மண்ணில் பிறந்திருக்கின்றன.

ஆக அத்தையின் குக்கருக்குப் பெயர் சீமை, வரைபடம் சீமை, முதலாளி மெட்ராஸ், தொழிற்சாலை பெங்களூர். இதை எந்த ஊர்க் குக்கர் என்று சொல்வது?

பிற்பாடு இந்தக் குழப்பம் கூடிக்கொண்டே போனது. பிரஸ்டீஜ் ஓசூரில் தொழிற்சாலை வைத்தது, கோயம்புத்தூர் பக்கம் மயிலேரிபாளையத்தில் வைத்தது, உத்தராகண்டில் ரூர்க்கி, குஜராத்தில் கர்ஜன் என்று போனது. உத்தராகண்டுக்கு ஏன் என்று கேட்டால், 2003ல் அந்த மாநிலத்துக்கு மத்திய அரசு கொடுத்த வரிச் சலுகையைப் பாருங்கள். அந்தக் காலத்தில் அங்கே போகாத கம்பெனி குறைவு. அமெரிக்காவில் அதே டி.டி.கே. குக்கர் 'மந்த்ரா' என்ற பெயரில் விற்றது. இங்கிலாந்துப் பெயரை வைத்து இங்கே வளர்ந்த கம்பெனி, 2016ல் இங்கிலாந்துக்கே போய் ஹார்வுட் ஹோம்வேர்ஸ் என்ற பாத்திரக் கம்பெனியை வாங்கிவிட்டது. ஹாக்கின்ஸுக்கும் தானே, பஞ்சாபில் ஹோஷியார்பூர், உத்தரப் பிரதேசத்தில் சத்தாரியா என்று மூன்று இடம். நம்ம ஊர் பட்டர்ஃபிளை இருக்கிறதே, கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்தில் தொழிற்சாலை. 2022ல் அதன் பெரும்பான்மைப் பங்கை மும்பை கிராம்ப்டன் வாங்கியது. முதலாளி மாறினார், ஆலை நகரவில்லை.

அதனால் 'இந்த ஊர் குக்கர் நல்லது, அந்த ஊர் குக்கர் மட்டம்' என்று பிராண்டை வைத்துச் சொல்வதில் அர்த்தம் ரொம்பக் குறைவு. அப்படியென்றால் எங்கே செய்தது என்ற கேள்வியே வீணா? அதுவும் இல்லை. அதற்கு முன்னால் குக்கருக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1679ல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ராயல் சொசைட்டிக்கு எலும்பை வேகவைக்கும் ஒரு இரும்புப் பானையைக் காட்டினார். மூடியை இறுக்கி நீராவியை உள்ளேயே அடைத்துவிட்டால் தண்ணீர் 100 டிகிரியில் நிற்காமல் மேலே போகும். அவ்வளவுதான் தத்துவம். நம் வீட்டுக் குக்கரில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ, வெப்பம் 120 டிகிரி. பானை வெடிக்காமல் இருக்க எடை தொங்கும் ஒரு வால்வையும் பாப்பனே யோசித்தார். நாம் 'வெயிட்' என்கிறோமே, அதன் பாட்டன்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வெயிட் உட்காரும் குழாயின் ஓட்டை 3 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0.07 சதுர சென்டிமீட்டர். 1 கிலோ அழுத்தத்தில் ஆவி அதைத் தூக்கிவிட வேண்டுமென்றால் வெயிட் 70 கிராம் இருக்கவேண்டும். பார்க்க அதே மாதிரி இருக்கும் 100 கிராம் வெயிட்டை வைத்தால், அழுத்தம் 1.4 கிலோவுக்குப் போன பிறகுதான் விசில் வரும். சின்ன வித்தியாசமாகத் தெரிகிறதா? 20 சென்டிமீட்டர் அகல மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். சாதாரணமாகவே 314 கிலோ விசை அந்த மூடியை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. தப்பான வெயிட் போட்டால் 440 கிலோ. பருப்பு வேகிற பக்கத்தில்தான் நாம் நின்று வெங்காயம் நறுக்குகிறோம்.

எங்கள் பழைய வீட்டுச் சமையலறை உத்தரத்தில் ஒரு பிறை வடிவப் பள்ளம் உண்டு. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது விழுந்தது. வெயிட் தொலைந்துபோய் அப்பா நடைபாதைக் கடையில் வாங்கி வந்ததைப் போட்டிருந்தோம். சேஃப்டி வால்வும் அதே கடையில் வாங்கியதுதான். அம்மா அப்போது தபால்காரருக்குக் கதவு திறக்கப் போயிருந்தார். இத்தனை வருஷம் கழித்தும் குக்கர் வைத்தால் அம்மா கூடத்தில்தான் உட்காருவார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. டி.டி.கே.யின் பேரன் டி.டி. ஜெகந்நாதன், ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த பொறியாளர், கம்பெனிப் பொறுப்புக்கு வந்த பிறகு வட இந்தியச் சந்தையில் குக்கர் வெடிக்கிறது என்ற புகாரைத் தேடிக்கொண்டு போனார். காரணம் குக்கரில் இல்லை, போலி உதிரி பாகங்களில் இருந்தது. சேஃப்டி வால்வின் நடுவில் இருப்பது குறிப்பிட்ட வெப்பத்தில் உருகவேண்டிய உலோகக் கலவை. போலியில் அது உருகாது. வெயிட் அடைத்துக்கொண்டால் போச்சு. மக்கள் போலி வாங்குவதை நிறுத்த முடியாது என்று கணக்குப் போட்ட அவர், போலி பாகம் போட்டாலும் வெடிக்காத ஒரு வழியைச் செய்தார். மூடியின் விளிம்பில் ஒரு சின்னத் திறப்பு. அழுத்தம் எல்லை மீறினால் ரப்பர் கேஸ்கட் அந்த இடத்தில் பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும். வீட்டில் வெளிமூடிக் குக்கர் இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அந்த ஓட்டை எதற்கு என்று பலருக்குத் தெரியாது. (ஹாக்கின்ஸ் மாதிரி உள்மூடிக் குக்கரில் கதை வேறு, உள்ளே அழுத்தம் இருக்கும்வரை அது மூடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.)

அப்படியானால் 'எங்கே செய்தது' என்ற கேள்விக்கு அர்த்தம், அந்தப் பாத்திரத்துக்குப் பொறுப்பேற்கிற விலாசம் ஒன்று இருக்கிறதா என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இப்போது நம் கையிலேயே இருக்கிறது. வீட்டு உபயோகக் குக்கருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2347. 2020ல் வந்த தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை இந்தியாவில் விற்கக் கூடாது. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் ஒரு உரிம எண் இருக்கும். நாம் யாரும் பார்ப்பதில்லை. இந்த உரிமம் பிராண்டுக்குக் கொடுப்பதல்ல, குறிப்பிட்ட தொழிற்சாலைக்குக் கொடுப்பது. ஒரே கம்பெனிக்கு மூன்று ஆலை இருந்தால் மூன்றுக்கும் தனித்தனி உரிமம். வெளிநாட்டு ஆலையும் இங்கே விற்க இதே முத்திரையை வாங்கியாக வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் எண்ணைப் போட்டால் ஆலையின் பெயர், விலாசம், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் வரும். பெட்டியில் 'மார்க்கெட்டட் பை' என்று எழுதியிருக்கும் விலாசத்தை நம்பி ஏமாறவேண்டாம், அது விற்பவர் விலாசம்.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், முத்திரையில்லாத 2,265 குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது; வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லித் திரும்பப் பெறவும் உத்தரவிட்டது. பிளிப்கார்ட்டில் 598 குக்கர்கள், அதே 1 லட்சம். அமேசான் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எனக்கு உறைத்தது அபராதம் இல்லை, அந்த 2,265 சமையலறைகள்.

சரி, மாநாட்டின் முடிவுக்கு வருகிறேன். மயிலாப்பூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் பாத்திரக் கடைக்குப் பேத்தியையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று லிட்டர் போதும் என்றாள். கடைக்காரரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: இதற்கு ஒரிஜினல் வெயிட்டும் கேஸ்கட்டும் அஞ்சு வருஷம் கழித்தும் உங்களிடம் கிடைக்குமா? "அதுக்குத்தான சார் கடை வச்சிருக்கோம்" என்றார். பேத்தி எண்ணைச் செயலியில் தட்டினாள். ஓசூர் விலாசம் வந்தது.

"ஓசூரா? பெங்களூர் பக்கம்தானே" என்றார் அத்தை, கொஞ்சம் சமாதானமாகி. பிறகு கைப்பையிலிருந்து ஒரு பழைய கேஸ்கட்டை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டி, இந்த அளவில் ஒன்று கொடுங்கள் என்றார். அவர் ஆணியில் தொங்கியதில் நாலைந்தைத் தள்ளிவிட்டு ஒன்றை உருவிக் கொடுத்தார். சீமைக் குக்கர் மறுபடி அடுப்பேறிவிட்டது. மூன்று விசில் விட்டு இறக்குகிறார்.