ஊவாவின் நடமாடும் படப்பிடிப்பாளர்: சமூக வரலாற்றுக் குறிப்பு

இலங்கையின் நிழற்பட வரலாறு பெரும்பாலும் கொழும்பு, கண்டி நகர்களின் படப்பிடிப்பு நிலையங்களது வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தோன்றிய பிளேட் முதலிய நிறுவனங்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படமாக்கி விற்றன; அப்படத்தை வாங்கியவள் அவளல்லள். 1875இல் இலங்கை வந்த ஜூலியா மார்கரெட் கமரன், இங்கிலாந்தில் டெனிசன் போன்றோரைப் பெயர் சுட்டிப் படமாக்கியவர். ஆனால் 1878இல் இங்கு அவர் எடுத்த படமொன்று ‘களுத்துறைக் குடியானவர்’ என்ற பொதுப் பெயராலேயே அறியப்படுகின்றது. இப்பெயரின்மையின் வர்க்கப் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஊவாத் தோட்டங்களுக்குப் படப்பெட்டியுடன் சென்றவனின் கதை வேறு. ஈரத் தகட்டு முறையில், மருந்து பூசிய சில நிமிடங்களுக்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். இருட்டறையையே சுமக்க ஆளும் முதலும் வேண்டியிருந்தன. 1880களில் உலர் தகடு பரவியபின், பெட்டி, முக்காலி, கறுப்புத் துணி ஆகியவற்றுடன் ஒருவன் தனித்தே தொழில் நடத்தக்கூடியதாயிற்று. புகையிரதம் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. அதற்கப்பால், பசறைக்கும் மடுல்சீமைக்கும், மலைப்பாதைதான்.

அவனது நாட்காட்டி தோட்டத்தின் நாட்காட்டியே: சம்பள நாள், தீபாவளி, கோயில் திருவிழா. தோட்டமோ தனியார் நிலம். தொழிற்சங்கத்தாரைத் தடுத்த அதே அத்துமீறற் சட்டம் இவனையும் துரையின் இசைவுக்கும் கங்காணியின் தயவுக்கும் உட்படுத்தியது. கங்காணியின் குடும்பம் முதலிற் படமானதும், லயக் காம்பறாவிற்குப் படம் பிந்தி வந்ததும் இவ்வுறவின் விளைவுகளே.

லயத்தைப் படப்பெட்டியின் முன் பெருந்தொகையாக நிறுத்தியது அரசு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் ஒப்பந்தம் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாக்கிற்று. நாடு கடக்கக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். 1972 முதல் அடையாள அட்டைக்கும் படம் வேண்டியதாயிற்று. கூலியின் ஒரு பகுதி, தன் முகத்தை அதிகாரிக்குக் காட்டுவதற்கே செலவாயிற்று. (கலை விமரிசகர் இப்படங்களைப் பொருட்படுத்துவதில்லை.)

எனினும் கடவுச்சீட்டுக்கு எடுத்த படமே, கப்பலேறியோரின் நினைவாக இங்குள்ள லயச் சுவரில் மாட்டப்படக்கூடியது. அரசின் சான்று உறவின் சான்றாக மாறுவது இவ்வாறே. பதுளைப் பகுதி லயங்களிலும், தாயகம் திரும்பியோர் குடியேறிய கூடலூர், கோத்தகிரி வீடுகளிலும் எஞ்சியுள்ள படங்களை, பின்புற முத்திரைகளோடும் எழுத்துகளோடும் படியெடுத்துத் தொகுக்கும் பணியை நமது ஆய்வு மாணவர் மேற்கொள்ளல் வேண்டும். சட்டகம் அரித்த படங்களிலிருந்து தொடங்கலாம்.