பொது 'இப்போது' இல்லாத உலகம்

1922 ஏப்ரல் 6. பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவச் சங்கம் கூடியது. விருந்தினர் ஐன்ஸ்டைன். சபையில் இருந்த தத்துவஞானி ஹென்றி பெர்க்சன், பிறர் வற்புறுத்தலால் எழுந்து அரை மணி நேரம் பேசினார். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின் கணக்குகளை அவர் மறுக்கவில்லை. கடிகாரம் காட்டுவது வெறும் அளவு, நாம் உள்ளே உணரும் ஓட்டமே மெய்யான காலம் என்றார். உளவியலின் காலம் உண்டு, இயற்பியலின் காலம் உண்டு, தத்துவஞானிக்கென்று தனிக் காலம் கிடையாது என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார் ஐன்ஸ்டைன். இந்த வழக்கைச் சரியாகத் தீர்க்க, சார்பியல் எதை ஒழித்தது என்று பார்க்க வேண்டும். அது ஒழித்தது உலகம் முழுமைக்கும் பொதுவான 'இப்போது' ஒன்றைத்தான்.

ஐன்ஸ்டைனின் 1905 கட்டுரை ஒரே சமயம் என்பதை எளிய உதாரணத்தோடு விளக்குகிறது. ரயில் 7 மணிக்கு வந்தது என்றால், முள் 7-ஐத் தொட்டதும் ரயில் வந்ததும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தன என்று பொருள். கடிகாரம் பக்கத்தில் இருக்கும்வரை சிக்கலில்லை. தொலைவிலுள்ள கடிகாரத்தோடு ஒப்பிட ஒளியை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். ஒளியின் வேகமோ எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே நிற்பவருக்கு ஒரே சமயத்தில் நடந்தவை, ஓடுபவருக்கு முன்பின்னாகின்றன. ஓடும் கடிகாரம் மெதுவாகிறது என்பதும் இதிலிருந்து வருகிறது. இது ஏட்டுக் கணக்கு, மெதுவான காலத்தை யாரும் வாழ்வதில்லை என்பது பெர்க்சனின் ஆட்சேபம். இதற்கு இயற்கையே பதில் சொன்னது. மியூவான் துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்தில் பாய்ந்தாலும் அதற்குள் சுமார் 660 மீட்டரே கடக்க முடியும். ஆனாலும் வளிமண்டலத்தில் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியூவான்கள் ஏராளமாகத் தரையை அடைகின்றன. பெர்க்சன் மறைந்த 1941-இலேயே இயற்பியலாளர்கள் ரோஸியும் ஹாலும் கொலராடோவில் எடுத்த அளவீடு வெளிவந்து, வேகமாகச் செல்லும் மியூவானின் ஆயுள் நீள்வதைக் காட்டியது.

அப்படியானால் எல்லாமே பார்ப்பவரைப் பொறுத்ததா? இல்லை. 1908-இல் கொலோன் நகர உரையில் கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி இதைத் தெளிவாக்கினார். தூரம் ஆளுக்கு ஆள் மாறலாம், நேரமும் மாறலாம். இரண்டும் சேர்ந்த கால-வெளி இடைவெளி மாறாது. காரணம் முன்னும் விளைவு பின்னும் வரும் வரிசையும் மாறாது. மகன் பிறந்த பிறகே தாய் பிறந்ததாக எந்தப் பார்வையாளரும் காண முடியாது. முன்பைவிட உறுதியான ஒன்றின்மீதுதான் உலகம் நிற்கிறது. என்றாலும், அந்தக் கால-வெளியில் நேற்றும் நாளையும் வெறும் புள்ளிகளே. காலம் கழிகிறது என்ற அனுபவத்துக்கு அதில் இடமில்லை. கடிகார வழக்கில் பெர்க்சன் தோற்றார். காலம் ஏன் ஓடுவதாக உணர்கிறோம் என்ற அவரது கேள்விக்குச் சார்பியலின் சமன்பாடுகள் இன்றுவரை விடை தரவில்லை.