அனல் வாதத்திலிருந்து உரையாடலுக்கு

கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் சமயம் பற்றிப் பேசிக்கொள்வதைக் கத்தோலிக்கத் திருச்சபை எப்படிப் பார்க்கிறது என்று முந்தைய பதிவு ஒன்றின் கீழ் ஒரு நண்பர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. நீளமாகத்தான் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். காஞ்சிபுரம் சமய வாதத்துக்குப் பேர்போன ஊர். சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, திருப்பருத்திக்குன்றத்து ஜைனகாஞ்சி, இன்று சுவடு மட்டும் மிஞ்சியிருக்கும் பௌத்தகாஞ்சி என்று ஒரே ஊருக்குள் பல சமயங்கள் வாழ்ந்தன. வஞ்சி நகரில் சமயக்கணக்கர் பலரின் கொள்கைகளையும் கேட்ட மணிமேகலை, பிறகு வந்து சேர்வது நம் கச்சி மாநகருக்குத்தான்.

7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகம் காஞ்சித் தெருவில் நடக்கிறது. ஒரு காபாலிகனின் கபால ஓடு காணாமல் போகிறது. வழியில் வந்த புத்த பிக்குதான் திருடியிருப்பான் என்று அவனைப் பிடித்துக்கொள்கிறான். வம்பும் தத்துவமுமாகச் சண்டை நடக்கிறது. கடைசியில் பார்த்தால், ஓட்டிலிருந்த இறைச்சிக்காக அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! வேற்றுச் சமயத்தான் என்றாலே முதல் சந்தேகம் அவன் மேல்தான். இந்தப் புத்தி 1400 ஆண்டுகளில் பெரிதாக மாறிவிடவில்லை.

வாதத்தின் உச்சம் அனல் வாதம். மதுரையில் ஞானசம்பந்தரும் சமணரும் தத்தம் ஏடுகளை நெருப்பிலும் வைகை வெள்ளத்திலும் இட்டுப் பார்த்த கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. எந்த ஏடு கருகாமல் தப்புகிறதோ அந்தச் சமயமே மெய். இந்த வழக்கம் நம்மோடு நின்றதில்லை. கிறிஸ்தவ, இஸ்லாமிய வரலாற்றிலும் இதே நெருப்பு எரிகிறது.

அக்பர் 1575இல் பத்தேப்பூர் சிக்ரியில் இபாதத் கானா என்ற வழிபாட்டு மண்டபத்தைக் கட்டி, சமய விவாதங்களை நடத்தினார். கோவாவிலிருந்து கிறிஸ்தவக் குருக்களையும் வரவழைத்தார். ரொடால்ஃபோ அக்வாவிவா, அந்தோனி மொன்செராத்தே, பாரசீகம் அறிந்த பிரான்சிஸ் ஹென்றிக்ஸ் ஆகிய மூன்று இயேசு சபைத் துறவிகள் 1580இல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் கொடுத்த பல மொழி பைபிள் தொகுதிகளை அக்பர் மரியாதையுடன் தலைமேல் வைத்துக்கொண்டதாக மொன்செராத்தே எழுதியிருக்கிறார்.

பிறகு விவாதம் சூடுபிடித்தது. 'குர்ஆனை ஏந்தி ஒருவர், பைபிளை ஏந்தி ஒருவர், இருவரும் தீயில் இறங்கட்டும்' என்ற பேச்சு எழுந்தது. இங்கேதான் வேடிக்கை. அக்பரின் அவைப்புலவர் அபுல் ஃபஸல் எழுதியதைப் படித்தால், தீயில் இறங்கலாம் என்று அழைத்தவர் பாதிரியார், பின்வாங்கியவர்கள் உலமாக்கள். இயேசு சபையாரின் குறிப்புகளைப் படித்தால், அழைத்தது எதிர்த்தரப்பு; கடவுளைச் சோதிப்பது தகாது என்று மறுத்தவர்கள் குருக்கள். ஒரே மண்டபம், ஒரே விவாதம், நேர் எதிரான இரண்டு சாட்சியம். வெல்வதற்காகப் பேசும் இடத்தில் மற்றவன் சொன்னது காதில் விழுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழியும் பழங்காலத்திலேயே இருந்தது. 1219இல் ஐந்தாம் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தது. எகிப்தின் தமியெட்டா நகரைச் சிலுவைப் படை முற்றுகையிட்டிருந்தது. அசிசி நகரத்துப் பிரான்சிஸ், ஆயுதம் இல்லாமல், ஒரு துணைவருடன் போர்முனையைத் தாண்டி சுல்தான் அல் காமிலைப் பார்க்கப் போனார். பிற்காலத்தில் பொனவெந்தூர் எழுதிய வரலாற்றில் இங்கும் ஓர் அனல் வாதம் வருகிறது. உறுதியாகத் தெரிவது இவ்வளவுதான்: சுல்தான் அவரை மரியாதையோடு நடத்தித் திருப்பி அனுப்பினார், யாரும் யாரையும் மதம் மாற்றவில்லை.

திரும்பி வந்த பிரான்சிஸ் 1221இல் தம் சகோதரர்களுக்கு வகுத்த ஒழுங்கில், இஸ்லாமியர் நடுவே போகிறவர்கள் இரண்டு விதமாக வாழலாம் என்றார். முதலாவது, வாதமும் சச்சரவும் செய்யாமல், எல்லோருக்கும் பணிந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை மறைக்காமல் வாழ்வது. இரண்டாவது, கடவுளுக்கு விருப்பம் என்று தோன்றும்போது போதிப்பது. எந்த வழியை முதலில் வைத்தார் என்று கவனியுங்கள். ஆனால் திருச்சபை முழுவதும் இந்த வழிக்கு வர 700 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தத் திருப்பம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் நிகழ்ந்தது. யூதர்களோடு உள்ள உறவைச் சீர்செய்ய ஓர் அறிக்கை வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் யூதர்களுக்கு நேர்ந்த கொடுமை கிறிஸ்தவ உலகின் மனசாட்சியை உறுத்திக்கொண்டிருந்தது. அப்போது மத்தியக் கிழக்கு நாட்டு ஆயர்கள், "யூதர்களைப் பற்றிச் சொன்னால் எங்களோடு வாழும் இஸ்லாமியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்" என்றார்கள். ஆசிய ஆயர்களுக்கு இந்து, பௌத்த சமயங்களும் முக்கியம். இப்படி விரிந்து விரிந்து, 1965 அக்டோபர் 28 அன்று 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்ற ஏடு வெளிவந்தது. லத்தீனில் 'நம் காலத்தில்' என்று பொருள். ஆதரவு 2221 வாக்குகள், எதிர்ப்பு 88.

அதன் மூன்றாம் பகுதி இஸ்லாமியர்களைப் பற்றியது. அவர்கள் ஒரே கடவுளை, இரக்கமுள்ள படைப்பாளரை வணங்குகிறார்கள், ஆபிரகாமை முன்மாதிரியாகக் கொள்கிறார்கள், இயேசுவைக் கடவுளாக ஏற்காவிட்டாலும் இறைவாக்கினராக மதிக்கிறார்கள், மரியாளைப் போற்றுகிறார்கள், தீர்ப்பு நாளை எதிர்பார்க்கிறார்கள், தொழுகை, தர்மம், நோன்பு மூன்றையும் பேணுகிறார்கள். ஆகவே திருச்சபை அவர்களை மதிப்போடு நோக்குகிறது. பழைய பகையை மறந்து, ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவும், நீதிக்கும் அமைதிக்கும் சேர்ந்து உழைக்கவும் இருவரையும் கேட்டுக்கொள்கிறது. இதன் சாரம் இதுதான்.

நம் ஊர் இஸ்லாமிய நண்பர்கள் ஈசா நபி, மர்யம், இப்ராஹீம் நபி என்று சொல்லும் பெயர்களைத்தான் கிறிஸ்தவ நண்பர்கள் இயேசு, மரியாள், ஆபிரகாம் என்கிறார்கள். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கே மர்யம் என்றுதான் பெயர். இது தெரியாமலேயே அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்து முடிப்பவர்கள் எத்தனையோ பேர்.

இந்த மாற்றத்தில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சங்கம் நடந்துகொண்டிருந்தபோதே, 1964 டிசம்பரில், ஆறாம் பவுல் பம்பாய் வந்தார். இந்தியாவுக்கு வந்த முதல் போப்பாண்டவர் அவர். இங்குள்ள பல சமயத்தவரிடம் பேசும்போது உபநிடதப் பிரார்த்தனை ஒன்றை எடுத்துச் சொன்னார். இரண்டாம் ஜான் பால் 1986 பிப்ரவரி 5 அன்று சென்னையில் பிற சமயத் தலைவர்களைச் சந்தித்தார். அதே ஆண்டு அக்டோபரில் அசிசியில் உலகச் சமயத் தலைவர்களைக் கூட்டினார். அங்கே ஒரு நுட்பம் கடைப்பிடிக்கப்பட்டது: ஒன்றாகக் கூடினார்கள், ஆனால் அவரவர் பிரார்த்தனையை அவரவர் செய்தார்கள். கலப்படம் இல்லை.

நம் நெசவாளர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடா ஓட வேண்டும். தறியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் ஆகாது, பக்கத்தில் இன்னொரு கையும் வேண்டும். ஒரு நிறம் இன்னொன்றில் கரைவதில்லை. ஆனால் இரண்டும் சேரும் இடம்தான் புடவையிலேயே உறுதியான இடம்.

இனி, சங்கடமான கேள்விகளுக்கு வருவோம். விசுவாசிகள் பலருக்கு ஒரு பயம்: இப்படிப் பேசிப் பேசி நம் விசுவாசம் நீர்த்துப்போகாதா? மறுபக்கத்தில் இன்னொரு சந்தேகம்: இது மதமாற்றத்துக்கு ஒரு புது வேடமோ?

திருச்சபை இதை மழுப்பவில்லை. உரையாடலும் வேண்டும், நற்செய்தி அறிவிப்பும் வேண்டும், ஒன்றை மற்றொன்றின் கருவியாக்கக் கூடாது என்று 1991இல் வத்திக்கான் வெளியிட்ட ஏடு சொல்கிறது. உரையாடலின் பயனாக இரு தரப்பாரும் கடவுளை நோக்கி இன்னும் ஆழமாகத் திரும்ப வேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. கிறிஸ்துவே மீட்பர் என்ற நம்பிக்கையைத் திருச்சபை விட்டுக்கொடுக்கவும் இல்லை. இஸ்லாமியருக்கும் தாவா என்ற அழைப்புப் பணி உண்டு. ஆக, இருவருமே தம் வழியே மெய் என்று நம்புகிறவர்கள். அதைத் தெரிந்துகொண்டே உட்கார்ந்து பேசுவதுதான் நேர்மை. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. நீயும் நானும் வேறு, ஆனாலும் உன் பக்கத்தில் உட்காருவேன் என்பதுதான் கடினம்.

சறுக்கல்களும் உண்டு. 2006 செப்டம்பரில் பதினாறாம் பெனடிக்ட் ஜெர்மனியில் ஆற்றிய உரையில், இஸ்லாம் பற்றி ஒரு பைசாந்தியப் பேரரசர் சொன்ன கடுமையான வரியை மேற்கோள் காட்டினார். உலகெங்கும் கொதிப்பு. ஆனால் அடுத்த ஆண்டு 138 இஸ்லாமிய அறிஞர்கள் ஒன்றுசேர்ந்து எழுதிய கடிதம் வசைக்கடிதமாக இல்லை. இறையன்பும் பிறரன்பும் நம் இருவருக்கும் பொது என்று சொன்ன கடிதம் அது. அதன் பயனாக 2008 நவம்பரில் ரோமில் கத்தோலிக்க, இஸ்லாமியப் பேரவை கூடியது. கோபத்திலிருந்தும் உரையாடல் பிறக்கும் என்று காட்டியவர்கள் அந்த அறிஞர்கள்.

2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் போப் பிரான்சிஸும் அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல் தய்யிபும் மனித சகோதரத்துவ ஏட்டில் கையெழுத்திட்டார்கள். தமியெட்டா சந்திப்பு நடந்து சரியாக 800 ஆண்டுகள். அந்த ஏட்டில் சமயங்களின் பன்மை கடவுளின் சித்தம் என்று ஒரு வரி இருந்தது. கத்தோலிக்க ஆயர்களிலேயே சிலர் அதை எதிர்த்தார்கள். ஆக, விவாதம் முடிந்துவிடவில்லை. முடியவும் வேண்டாம்.

பெரியவர்கள் கையெழுத்திடும் ஏடு நம் தெருவுக்கு வந்து சேருமா என்பதுதான் என் கவலை. உரையாடலில் நான்கு வகை உண்டு என்று திருச்சபை சொல்கிறது: அண்டை அயலாராக வாழ்தல், சேர்ந்து உழைத்தல், இறையியல் அறிஞர்கள் பேசுதல், ஆன்மிக அனுபவத்தைப் பகிர்தல். மூன்றாவதற்குப் பாட்னாவில் வாழ்ந்த இயேசு சபைக் குரு பால் ஜாக்சன் நல்ல உதாரணம். பீகாரின் சூஃபி ஞானி ஷரஃபுத்தீன் மனேரியின் நூறு கடிதங்களை ஆங்கிலத்தில் தந்தவர் அவர். எல்லோராலும் அது முடியாது. முதல் இரண்டும் நம் எல்லோராலும் முடியும்.

முடியும் என்பதற்கு நாகப்பட்டினம் பக்கம் போனால் சான்று கிடைக்கும். நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் சுமார் 15 கிலோமீட்டர்தான். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்து வருகிற இந்துக் குடும்பங்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு. நாகூரின் உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். 2004 டிசம்பர் 26 அன்று வந்த அலை இரண்டு ஊரையும் சேர்த்தே அடித்தது. அந்தக் கரையில் உடல்களை எடுத்து அடக்கம் செய்தவர்களில் இஸ்லாமிய இளைஞர்கள் பலர். இறந்தவர் எந்தச் சமயம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அதே நாம்தான் கைப்பேசியில் வருகிற ஒரு வதந்தியைப் பார்த்ததும், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். காபாலிகனாவது பிக்குவை நேரில் பிடித்துக் கேட்டான். நாம் அதுகூடச் செய்வதில்லை. நேரில் போய்க் கேட்போம். அவர் சொல்வதை முழுதாகக் கேட்போம்.

நாகூர், வேளாங்கண்ணிப் பக்கத்து நண்பர்கள் தாங்கள் கண்டதைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் எழுதுங்கள். மரியாதையோடு எழுதினால் எல்லோருக்கும் பதில் தருவேன்.